பொருந்தாத பதிப்பு

ஜனவரி 8, திங்கள்

காலை இரத்த அழுத்தம் 150/90. எட்டு மணிக்கு மாத்திரை. இட்லி ஒன்றரை. கை, கால் பயிற்சி இருபது நிமிடம்.

இந்த நோட்டை வாங்கச் சொன்னவர் பிசியோதெரபிஸ்ட். என் கணவர் தாணுவின் மருந்து, சாப்பாடு, பயிற்சி எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். இன்றிலிருந்து என் வேலையையும் இதிலேயே எழுதப் போகிறேன். இரண்டு நோட்டு வைத்துக்கொள்ள எனக்கு நேரமில்லை.

போன செப்டம்பர் நான்காம் தேதி அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. 'இல்ல' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பசிக்கிறதா என்றாலும் இல்ல, வலிக்கிறதா என்றாலும் இல்ல. அவர் சொல்ல நினைப்பது அதுவாக இருக்காது, வாய்க்கு வருவது அது ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னார்.

அவர் பார்த்த வேலையை இன்றுமுதல் நான் பார்க்கிறேன். பகலில் இவரைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவை அமர்த்தியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு நானும் இதே வேலை பார்த்தவள்தான். முதலாளி ஜெயசிங் இவரோடு கல்லூரியில் படித்தவர். வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அண்ணன் என்று கூப்பிட்டவரை இன்று சார் என்று கூப்பிட்டேன். அவர் திருத்தவில்லை.

நாகர்கோவிலில் பதினெட்டுப் பேர் வேலை பார்க்கும் சின்ன கம்பெனி. டயாலிசிஸ் சென்டர்களில் தண்ணீரைக் கண்காணிக்கும் பெட்டி செய்கிறோம். குளோரின் வரம்பு தாண்டினால் பெட்டி மணி அடிக்கும். அடிக்காவிட்டால் குளோரின் நோயாளியின் இரத்தத்துக்குப் போய்விடும், இரத்த அணுக்கள் உடைந்துவிடும்.

பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் முழுவதும் 'கிட்' என்ற இடத்தில் சேமித்திருக்கிறது. யார், எந்த வரியை, என்றைக்கு மாற்றினார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். அதிலிருந்து எடுத்து ஒரு பேக்கேஜாகக் கட்டி, நாற்பத்திரண்டு சென்டருக்கும் அனுப்புவது தாணுவின் வேலை. தன் லேப்டாப்பில் கையாலேயே செய்துகொண்டிருந்தார். இனி அது கூடாது, கிட்டில் இருப்பதை மெஷினே எடுத்து மெஷினே கட்ட வேண்டும் என்று தரச்சான்று தருகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். அதோடு, கடந்த இரண்டு வருடத்தில் அனுப்பிய பன்னிரண்டு பதிப்புகளையும் திரும்பக் கட்டி, அன்று போனதும் கிட்டில் இருப்பதும் ஒன்றுதான் என்று காட்ட வேண்டும். மார்ச் முடிய அவகாசம்.

ஜனவரி 11, வியாழன்

செட்டிங் ஃபைலில் ஒரு இடைவெளி கூடிப்போனது. அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள். 140/90.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மசித்து ஊட்டினேன். நான்கு கரண்டி சாப்பிட்டார்.

ஜனவரி 18, வியாழன்

எதைக் கட்டினாலும் பதிப்பு எண் 0.0.0 என்றே வந்தது. பக்கத்து மேஜை பிளெஸ்ஸி எட்டிப் பார்த்தாள். சென்டர்காரர்களின் போனுக்குப் பதில் சொல்லும் பெண். "என்னக்கா, பூச்சியமா அடுக்கி வச்சிருக்கிய?" என்றாள்.

மெஷின் கிட்டிலிருந்து கடைசி மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பழைய வரலாற்றை விட்டுவிடுகிறது. எண் குறித்திருப்பது வரலாற்றில். முழுவதையும் எடுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது.

இவருக்கு மலச்சிக்கல். டாக்டருக்கு போன் செய்தேன்.

ஜனவரி 24, புதன்

பேக்கேஜ் கட்டுவதற்காகத் தாணு எழுதி வைத்திருந்த பழைய ஸ்கிரிப்ட்டைப் படித்தேன். கிட்டில் பதியாத மாற்றம் ஏதாவது லேப்டாப்பில் இருக்கும்போது பேக்கேஜ் கட்டினால், பதிப்பு எண்ணோடு 'டர்ட்டி' என்ற சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி அந்தச் சொல்லை வெட்டிவிடுகிறது. ஏன் என்று புரியவில்லை.

பிளெஸ்ஸி சிரித்தாள். "அந்தக் கத தெரியாதாக்கா? ஒரு சென்டர்ல பெட்டி ஸ்கிரீன்ல டர்ட்டின்னு வந்திருக்கு. நர்ஸம்மா தண்ணிதான் அழுக்குன்னு நெனச்சு எல்லா மெஷினையும் ஆஃப் பண்ணிட்டாவ. தாணு சார் அன்னைக்கு எத்தன பேருகிட்ட பேச்சு கேட்டாரு தெரியுமா. அப்புறந்தான் அத வெட்டி வுட்டாரு."

நானும் சிரித்தேன். என் செட்டிங்கில் அந்த வரியைச் சேர்க்கவில்லை.

ஜனவரி 31, புதன்

கட்டிய நேரம் பேக்கேஜுக்குள் பதிவதால், ஒரே பதிப்பை இரண்டு முறை கட்டினாலும் வேறு வேறு என்று காட்டுகிறது. நேரத்தை விலக்கிவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் ஒப்பிடும்படி அமைத்தேன். முதல் பதிப்பு அச்சாகப் பொருந்தியது. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இடது கையால் என் விரலைப் பிடித்தார். 130/85.

பிப்ரவரி 5, திங்கள்

பன்னிரண்டில் பதினொன்று பொருந்திவிட்டது. 3.4.2 பொருந்தவில்லை. என் செட்டிங்கில்தான் கோளாறு இருக்கும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

செட்டிங்கில் கோளாறு இல்லை.

3.4.2 போன ஆகஸ்ட் 12 அன்று போனது. அன்று அனுப்பிய பேக்கேஜையும் இன்று கட்டியதையும் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு ஃபைலில் ஒரே ஒரு எண் வேறாக இருக்கிறது. குளோரின் வரம்பு தாண்டி எத்தனை விநாடி நீடித்தால் மணி அடிக்க வேண்டும் என்ற எண். கிட்டில் 30. அனுப்பியதில் 1800.

முப்பது விநாடிக்குப் பதில் முப்பது நிமிடம். நடுவில் ஒரு விநாடி இறங்கினாலும் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும்.

சோதனைக்காக மாற்றியதைத் திரும்ப மாற்ற மறந்திருப்பார். 'டர்ட்டி' என்ற சொல்லை வெட்டாமல் இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். யாருக்கும் நடப்பதுதான்.

பிப்ரவரி 7, புதன்

பால்காரன் வரவில்லை. படுக்கை விரிப்பு இரண்டு துவைத்தேன்.

ஆகஸ்ட் 28 அன்று, எங்கள் பெட்டி வைத்திருந்த ஒரு சென்டரில், காலை ஷிப்ட்டில் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். ஒருவர் இறந்துபோனார். பெயர் பொன்னுலிங்கம், லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். டிவியில் இரண்டு நாள் ஓடியது. தண்ணீர் அறையைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீசியன் மணி அடித்தும் போகவில்லை என்று சொன்னார்கள். மணி அடிக்கவே இல்லை என்று அவன் சொன்னான். செப்டம்பர் 1 அன்று அதிகாரிகள் வந்து பெட்டியைச் சோதித்தார்கள். மணி சரியாக அடித்தது. அவனுக்கு வேலை போயிற்று, வழக்கும் பதிவாயிற்று. பெயர் ஜெபஸ்டின்.

ஆகஸ்ட் 30 அன்று 3.4.3 போயிருக்கிறது. கிட்டில் 3.4.2-க்கும் 3.4.3-க்கும் இடையே ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறாத ஒன்றுக்கு எதற்குப் புது எண்? 'வழக்கமான புதுப்பிப்பு' என்று தாணு குறிப்பு எழுதியிருக்கிறார்.

ஆகஸ்ட் 12. 28. 30. செப்டம்பர் 1. செப்டம்பர் 4.

பிப்ரவரி 8, வியாழன்

சென்டர்களில் பெட்டி பதிந்துகொள்ளும் அளவுகள் தினமும் எங்களுக்கு வந்து சேரும். ஆகஸ்ட் 28-இன் அளவுகளை எடுத்தேன். ஆபீஸில் இருக்கும் சோதனைப் பெட்டியில் 3.4.2 ஏற்றி, அந்தக் காலையை அதே வேகத்தில் ஓடவிட்டேன். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. காலை ஏழு பத்திலிருந்து பத்து நாற்பதுவரை மூன்றரை மணி நேரம். குளோரின் பதினான்கு முறை வரம்பைத் தாண்டி ஏறியது, இறங்கியது. அதிகபட்சமாக ஒரு முறை பத்தொன்பது நிமிடம் நின்றது.

பெட்டி எதிரில் உட்கார்ந்திருந்தேன். பிளெஸ்ஸி டீ கொண்டுவந்து வைத்தாள். "என்னக்கா பாத்துட்டிருக்கிய, அது ஒண்ணுஞ் செய்யலியே" என்றாள்.

ஐந்தரை மணிவரை அது ஒன்றும் செய்யவில்லை.

பிறகு 3.4.3 ஏற்றி ஓடவிட்டேன். முதல் நிமிடத்திலேயே மணி அடித்தது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அணைத்துவிட்டு, சோதனை என்று சொன்னேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

இவருக்குச் சவரம் செய்துவிட்டேன். முகம் துடைத்து முடித்தபின் கேட்டேன்.

"ஏங்க, மூணு நாலு ரெண்டுல ஆயிரத்தி எண்ணூறுன்னு இருக்கே. அது உங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"தெரிஞ்சுதான் மூணு நாலு மூணு அனுப்புனீங்களா?"

"இல்ல."

"தெரிஞ்சா என் கையப் பிடிங்க. தெரியலன்னா விட்டுருங்க."

பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. அழுதார். பக்கவாதம் வந்தவர்களுக்குக் காரணமே இல்லாமல் அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுதான்.

160/100.

பிப்ரவரி 12, திங்கள்

ஜெயசிங் சாரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"உக்காரு சுகந்தி. ஒரு பெரிய சென்டர்ல சும்மா சும்மா மணி அடிக்கி, பெட்டியக் கழத்திருவோம்னு சொன்னான். காத்திருக்கிற நேரத்த மூணு நிமிசமாக் கூட்டி வைன்னு நாந்தான் தாணுகிட்ட சொன்னேன். தற்காலிகமா, கிட்டுல ஏத்தாதன்னும் நாந்தான் சொன்னேன். மூணு நிமிசம்னா நூத்தி எம்பது விநாடி. அவன் ஒரு சைபர் கூடப் போட்டுட்டான். அந்த ஒரு சென்டருக்குப் போக வேண்டியது எல்லாத்துக்கும் போயிட்டு."

"எப்பத் தெரிஞ்சுது?"

"சம்பவம் நடந்த மறுநாளே தாணு வந்து சொன்னான். இந்த நாற்காலிலதான் இருந்தான். சத்தங்காட்டாம பழையபடி கட்டி அனுப்பிருன்னு சொன்னேன்."

"சார், அந்த டெக்னீசியன் பையன்…"

"தெரியும். நான் தூங்கலன்னு சொன்னா நம்புவியா? ஆனா இப்ப சொன்னா என்ன ஆகும்? செத்தவரு வருவாரா? எல்லாம் தாணு தலைலதான் விழும். அவனால 'ஆமா'ன்னோ 'நான் இல்ல'ன்னோ ஒரு வார்த்த சொல்ல முடியுமா? இங்க பதினெட்டுக் குடும்பம் இருக்கு, கேட்டியா. பட்டியல்ல இருந்து அந்த ஒண்ண மட்டும் எடுத்துரு. வெளியிடாததுன்னு போட்டுக்கலாம்."

நான் எழுந்தபோது, "தாணுவக் கேட்டதாச் சொல்லு" என்றார்.

பிப்ரவரி 13, செவ்வாய்

பட்டியலிலிருந்து 3.4.2-ஐ எடுத்தாயிற்று. செட்டிங்கில் ஒரு வரி. இப்போது திரையில் பதினொன்றும் பச்சை, எல்லாம் பொருந்திவிட்டது என்று.

பிப்ரவரி 14, புதன்

145/90.

பிப்ரவரி 17, சனி

மாவு அரைத்தேன். கேஸ் தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 22, வியாழன்

அறிக்கையோடு ஏதாவது ஒரு சென்டரின் பதிவை மாதிரிக்கு இணைக்க வேண்டும். நாற்பத்திரண்டு இருக்க, நான் அந்த ஆகஸ்ட் 28 பதிவையே திறந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை.

அளவுகள் இருக்கும் பகுதியை மட்டும்தான் அன்று பார்த்திருந்தேன். இன்று கீழேயும் படித்தேன். பெட்டியில் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. அமுக்கினால் மணி ஒரு முறை அடித்துக் காட்டும், மணி வேலை செய்கிறது என்று அர்த்தம். அன்று காலை 8.05-க்கு ஒரு முறை, 9.30-க்கு ஒரு முறை யாரோ அமுக்கியிருக்கிறார்கள்.

தண்ணீர் அறைக்குள் போக ஜெபஸ்டின் ஒருவனுக்குத்தான் அனுமதி. இரண்டு முறை வந்து பார்த்திருக்கிறான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று இரண்டு முறையும் பெட்டி அவனிடம் பொய் சொல்லியிருக்கிறது.

இரவுச் சாப்பாடு வைக்க மறந்துபோனேன். இவர் கேட்கவும் முடியாதவர்.

பிப்ரவரி 24, சனி

ஜெபஸ்டின் இப்போது கோட்டாறு பக்கம் வண்டி கழுவும் இடத்தில் வேலை பார்க்கிறான் என்று பிளெஸ்ஸி விசாரித்துச் சொன்னாள். எதற்கென்று அவள் கேட்கவில்லை.

ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு வேனின் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் குழாயைத் தாழ்த்தினான்.

"நீங்க தாணு சார் வீட்டம்மாலா? ஆஸ்பத்திரில பாத்திருக்கேன்."

ஆமாம். செப்டம்பர் 5. இவர் ஐசியூவில் இருந்தபோது வராந்தாவில் வந்து நின்றான். அந்த ஆளை வெளியே அனுப்புங்கள் என்று வாட்ச்மேனிடம் சொன்னது நான்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்கவில்லை. எதற்கு வந்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

"அன்னைக்கு எதுக்கு வந்தீங்க தம்பி?"

"ஞாயித்துக்கிழம சாரு போன் பண்ணுனாரு. 'நாளைக்கு உன் வீட்டுக்கு வாறேன் ஜெபஸ்டின், நேர்லதான் சொல்லணும்'னாரு. நானும் காலைலயே குளிச்சு சட்ட மாத்திட்டு இருந்தேன். வரல்ல. மறுநாளுதான் இப்பிடி ஆயிட்டுன்னு தெரிஞ்சுது. என்ன சொல்ல வந்தாருன்னு கேக்கலாம்னு வந்தேன். அவரால பேச முடியாதுன்னு எனக்குத் தெரியாதுல்லா."

அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது, ஆயிரத்து எண்ணூறு, கூடிப்போன சைபர், 3.4.3. பம்ப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் அமுக்குனது அதுல இருக்கா?"

"இருக்கு. எட்டு அஞ்சு, ஒம்பதர."

"என்கொயரில மூணு தடவ சொன்னேன் அக்கா. ஒருத்தரும் எழுதிக்கிடல."

வேன்காரர் வந்து எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். "இந்தா முடிஞ்சிரும் சார்" என்று பம்ப்பைப் போட்டான். தண்ணீர்ச் சத்தத்தில் அவன் அடுத்துச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போனேன்.

"இத எழுதித் தருவியளா?"

"தாறேன்."

"தாணு சார் பேரும் வரும்லா?"

"வரும்."

தலையை ஆட்டிவிட்டுச் சக்கரத்தைக் கழுவினான்.

பிப்ரவரி 26, திங்கள்

ஏழரைக்கே ஆபீஸ் போய்விட்டேன்.

3.4.2-ஐப் பட்டியலில் திரும்பச் சேர்த்தேன். அன்று லேப்டாப்பில் மட்டும் இருந்த அந்த எண்ணைக் கிட்டில் தனிக் கிளையாகப் பதிந்தேன். கிட்டில் எழுதியவர், பதிந்தவர் என்று இரண்டு இடம் உண்டு. பெரும்பாலும் இரண்டிலும் ஒரே பெயர்தான் இருக்கும். எழுதியவர் தாணுமூர்த்தி என்று போட்டேன். பதிந்தவர் சுகந்தி. பழைய தேதி போடவும் கிட்டில் வழி உண்டு. நான் இன்றைய தேதியே போட்டேன். குறிப்பில் நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

மெஷின் அதை எடுத்துக் கட்டி முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. ஆகஸ்ட் 12 அன்று போன பேக்கேஜோடு அச்சாகப் பொருந்தியது. பன்னிரண்டும் பச்சை.

முழு அறிக்கையையும் தரச்சான்று தருகிறவர்களுக்கும் விசாரணை அதிகாரிக்கும் அனுப்பினேன். ஜெபஸ்டினுக்கு ஒரு பிரதி. பிறகு ஜெயசிங் சாரின் அறைக்குப் போய் அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன்.

"உனக்கு அவன்மேல பாசமே இல்லயா சுகந்தி?"

கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் பதில் வந்தது. அதை இங்கே எழுதவில்லை.

மார்ச் 1, வெள்ளி

இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் டிபன் பாக்ஸையும் குடையையும் பிளெஸ்ஸி எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தாள். "உள்ள வா" என்றேன். "இல்லக்கா, பஸ்ஸு போயிரும்" என்றாள். கண் சிவந்திருந்தது. என்மேல் கோபமா, தன் வேலை போய்விடும் என்ற பயமா, தெரியவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

அதிகாரிகள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். தாணுவின் படுக்கையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். "இல்ல", "இல்ல", "இல்ல." சின்னவர் முதல் இரண்டு பதிலை எழுதிக்கொண்டார். பெரியவர் அவர் பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

அவர்கள் போனபின் 170/100. அரை மாத்திரை கூடக் கொடுத்தேன்.

மார்ச் 28, வியாழன்

ஜெபஸ்டின் மேல் இருந்த வழக்கைக் கைவிட்டார்கள். பழைய வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்ததாம், போகவில்லையாம். "தண்ணி ரூமுக்குள்ள இனி நிக்க முடியாதுக்கா" என்று போனில் சொன்னான். ஜெயசிங் மேலும் தாணு மேலும் வழக்கு. கம்பெனிக்குச் சான்று நிறுத்தப்பட்டது. எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அதில் பிளெஸ்ஸியும் ஒருத்தி. கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

ஏப்ரல் 3, புதன்

காலை பத்தே முக்காலுக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பெண் குரல்.

"ஜெபஸ்டின் அண்ணன் நம்பர் தந்தாவ. எங்கப்பா பேரு பொன்னுலிங்கம்."

"சொல்லும்மா" என்றேன்.

"ஒண்ணு கேக்கணும். மணி ஒழுங்கா அடிச்சிருந்தா எத்தன மணிக்கு அடிச்சிருக்கும்?"

"ஏழு பத்து. ஏழு பதினொண்ணுக்குள்ள."

"ஏழு பதினொண்ணு" என்று திரும்பச் சொன்னாள்.

"நான்தான் அப்பாவ வண்டில கொண்டு விட்டேன். ஏழே காலுக்குத்தான் உள்ள போனாவ."

மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அதை அவள் கையில் கொடுத்தால் அவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

"அதக் கட்டி அனுப்புனது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"உயிரோட இருக்காரா?"

"இருக்காரு."

"இருக்கட்டும்" என்றாள். போன் நின்றுவிட்டது.

பதினொரு மணிக்கு இவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். உள்ளே போய் இடது பக்கமாகத் திருப்பி, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்தேன். போனில் யார் என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். சொன்னேன்.